சமையலறையில் கிடந்த சிறகுவிரல்

சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. குச்சி விட்டுக் குத்திப் பார்த்தார்கள், வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், தண்ணீர் அசையாமல் நின்றது. வேறு சமயமாக இருந்தால் குடை ரிப்பேர்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் மனைவிக்கு ஏழாவது மாதம். பாத்திரங்களை வெளியே தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து கழுவ அவளால் முடியவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் தரையைத் தட்டிப் பார்த்து, அடியில் குழாய் உடைந்திருக்கிறது, தோண்டத்தான் வேண்டும் என்றார். தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் கடப்பாரை ஒரு தட்டைக் கல்லில் பட்டு நின்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கல்லுக்குள் எலும்பு.

நீளமான, மெல்லிய எலும்புகள். ஒன்றின்மேல் ஒன்றாக மடங்கிக் கிடந்தன. பிழைப்பு முழுவதும் குடைக்கம்பிகளோடு கழித்தவருக்கு வேறு எது தோன்றும்? குனிந்து பார்த்து, "ஒடைஞ்ச குடை மாதிரி இருக்குல்ல?" என்றார். பிளம்பர் தலையாட்டினார்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். செத்தது எதுவாக இருந்தால் நமக்கென்ன, குழாயை மாற்றிவிட்டு மூடச் சொல்லுங்கள் என்றாள். பிளம்பருக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் பழைய எலும்பு கிடைத்தால் தெரிவிக்க வேண்டும், அது குடிமக்களின் கடமை என்று ரேடியோவில் அடிக்கடி சொல்வதைக் குடைக்காரர் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு தொல்லுயிர்ப் பெயர் வாரியத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நல்ல எண்ணத்தோடுதான் போனார். இந்த விவகாரத்தில் நல்ல எண்ணத்தோடு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வாரியத்தின் வேலை பெயர் வைப்பது. எலும்பைத் தோண்டி எடுக்க வேறு துறை, கொண்டுபோக வேறு துறை, கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்க இன்னொரு துறை. வாரியம் பெயர் வைத்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வர முடியும். பெயரில்லாத ஒன்றுக்காக லாரிகூடக் கேட்க முடியாது. என்ன ஏற்ற வேண்டும் என்று லாரிக்காரர் கேட்பாரே.

மூன்று பேர் வந்தார்கள். வாரியத்தின் செயலாளர், எலும்பு நிபுணர், மொழி நிபுணர். எலும்பு நிபுணர் வந்ததும் வராததுமாகச் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இது பறவை இல்லை, வௌவாலும் இல்லை, பறக்கும் ஊர்வன என்று குடைக்காரரின் மனைவிக்கு விளக்கினார். இதற்குக் கையில் நான்காவது விரல் மட்டும் உடம்பைவிட நீளமாக வளர்ந்ததாம். அந்த ஒற்றை விரலிலிருந்துதான் தோல் விரிந்து சிறகானதாம். அதனால்தான் டெரோடாக்டைல் என்ற பெயர் வந்தது, கிரேக்க மொழியில் சிறகு விரல் என்று அர்த்தம், ஆனால் இது அதே இனம் இல்லை, புதிது, இதற்கு நாம்தான் பெயர் வைக்க வேண்டும் என்றார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றவள், எப்போது எடுத்துப் போவீர்கள் என்று கேட்டாள். பதினைந்து கோடி வருஷமாகக் கிடக்கிறது, அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றார் அவர்.

அதற்குள் செயலாளர் குடைக்காரரைத் தனியாக அழைத்து, முதலில் பார்த்தபோது என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தார். இவர் ஒளிக்காமல் சொன்னார். செயலாளர் மொழி நிபுணரைப் பார்த்தார். மொழி நிபுணர் பேனா மூடியைக் கழற்றினார்.

அன்று பிற்பகலே வீட்டைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார்கள். பெயரில்லாப் பொருள் இருக்கும் இடத்தில் பெயர் சூட்டும் வரை யாரும் இருக்கக் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது என்பது விதி. அடுப்பில் பால் இருந்தது. அடுப்பை அணைக்க அனுமதித்தார்கள். பாலை எடுக்க அனுமதிக்கவில்லை. மனைவி கட்டிய சேலையோடும் குடைக்காரர் போட்ட சட்டையோடும் தெருவில் நின்றார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய ஊராரின் குடைகள் உள்ளே இருந்தன. மழைக்காலம் தொடங்கப் போகிறது என்று ரிப்பேருக்குக் கொடுத்த குடைகள் அவை. கம்பி, துணி, பிடி, ஊசி, குறடு எல்லாம் உள்ளே இருந்தன.

இருவரும் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார். முன்னறையில் மேஜைக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவே பாய் விரிக்க இடம் பண்ணிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று குடைக்காரர் சொன்னார். அதை அவரே நம்பினார்.

மழை வந்தது. குடை கொடுத்தவர்கள் விசாரித்துக்கொண்டு தேய்ப்புக்கடை வரைக்கும் வந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. வாசலில் நின்று நனைந்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் உடம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் தேய்த்த துணிகள் பக்கம் ஓடியது. அண்ணி அதைத் துடைப்பதும், பெருமூச்சு விடுவதும், மறுபடி துடைப்பதுமாக இருந்தாள்.

வாரியத்தின் முதல் கூட்டத்துக்குக் குடைக்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்துப் போனார். அங்கே போன பிறகுதான் அது விசாரணை என்று தெரிந்தது. உலகம் முழுவதும் ஒரு விதி இருக்கிறதாம். ஓர் உயிருக்கு முதலில் யார் என்ன பெயர் வைத்தார்களோ அதுதான் செல்லும், பின்னால் எவ்வளவு நல்ல பெயர் வந்தாலும் செல்லாது. இவர் அந்த உயிருக்கு 'உடைந்த குடை' என்று ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டாரா இல்லையா என்பதுதான் வாரியத்தின் முன்னால் இருந்த கேள்வி.

மொழி நிபுணர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'மாதிரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? அது இருந்தா உவமை. இல்லாட்டி பேரு."

"சொன்னேங்க. மாதிரின்னுதாங்க சொன்னேன்."

பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பிளம்பர் அத்தனை பெரிய மேஜையை வாழ்க்கையில் பார்த்ததில்லை. வியர்த்துக்கொண்டே, ஒடைஞ்ச குடை என்றது காதில் விழுந்தது, அதற்குப் பிறகு விழுந்தது ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் குடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். எதைச் சொன்னால் விடுவார்கள் என்று புரியவில்லை அண்ணே என்றார். குடைக்காரருக்கும் அது புரியவில்லை. அதனால் அவரால் கோபப்பட முடியவில்லை.

சந்தேகம் வந்துவிட்டதால் ஆராய்ச்சி தொடங்கியது. 'உடைந்த குடை'யின் தோற்றமும் பொருளும் என்று மொழி நிபுணர் இரண்டு கூட்டங்கள் பேசினார். குடை என்பது வளைவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்திருக்கலாம், குடைவது என்பதிலிருந்தும் வந்திருக்கலாம், சமையலறையைக் குடைந்தபோது கிடைத்ததால் இந்த மனிதர் இரட்டை அர்த்தத்தில் சொல்லியிருக்க வாய்ப்புண்டு என்றார். அப்படி நினைத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார் குடைக்காரர். சொல்பவருக்குத் தெரியாமலே சொல்லுக்குப் பொருள் உண்டு என்று மொழி நிபுணர் புன்னகைத்தார்.

பெயரே வேண்டாம், நான் விட்டுக்கொடுக்கிறேன், வீட்டைத் திறந்துவிடுங்கள் என்று குடைக்காரர் கெஞ்சினார். செயலாளர் பொறுமையாக விளக்கினார். விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பெயர் வைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்தப் பெயர் செல்லுபடியாகிவிடும். செல்லுபடியான பெயரை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, அது உலகத்தின் சொத்து.

அப்போதுதான் வாரியத் தலைவர் முதல்முறையாக வாய் திறந்தார். வெள்ளை முடியும் கனிந்த குரலுமாக இருந்த அவர் குடைக்காரரைப் பார்த்து அன்போடு பேசினார்.

"தம்பி, நீங்க எங்கள நம்பணும். இந்த வாரியம் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு உயிருக்குக்கூட தப்பான பேர் வச்சதில்ல. ஏன் தெரியுமா? நாங்க அவசரப்படறதில்ல. இன்னிக்கு வரைக்கும் எதுக்குமே பேர் வச்சதில்ல."

சுற்றியிருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

அடுத்தடுத்த கூட்டங்களில் விஷயம் டெரோடாக்டைல் என்ற அந்தப் பழைய கிரேக்கச் சொல்லுக்குப் போனது. அந்தச் சொல்லின் முதல் எழுத்தான 'பி'யை ஆங்கிலக்காரர்கள் எழுதுவார்கள், ஆனால் உச்சரிக்க மாட்டார்கள். நாம் வைக்கும் பெயரிலும் அப்படிப் பேசாத எழுத்து ஒன்று வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க விவாதித்தார்கள். வேண்டும் என்றார் தலைவர். கூடிவந்து பேசாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு பங்களிப்புதான், வாரியத்தில் பாதிப் பேர் அப்படித்தான் பணியாற்றுகிறார்கள் என்றார். அந்தப் பாதிப் பேர் பேசாமல் ஆமோதித்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. 'சிறகுவிரலி' என்று வைக்க வேண்டும் என்றார் எலும்பு நிபுணர். சிறகாக ஆன விரலை உடையது என்று பொருள். மொழி நிபுணருக்கு 'விரற்சிறகி' தான் சரியென்று பட்டது. விரலால் ஆன சிறகை உடையது என்று பொருள். சிறகு விரலுக்குச் சொந்தமா, விரல் சிறகுக்குச் சொந்தமா என்று இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். எலும்பு நிபுணர் இரண்டு கைகளையும் விரித்து, நான்காவது விரலை நீட்டிக் காட்டி, அறையைச் சுற்றி ஓடிக் காண்பித்தார். மொழி நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பைக் காட்டி இலக்கணத்தை ஏமாற்ற முடியாது என்றார். கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குடைக்காரர் இரண்டு பேருக்கும் மாறி மாறித் தலையாட்டினார். யார் ஜெயித்தாலும் அவருக்குச் சம்மதம்தான். அந்தத் தலையாட்டலை இரு தரப்பும் தங்களுக்குக் கிடைத்த ஆதரவு என்று பதிவுசெய்யச் சொன்னதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த நாட்களில்தான் மனைவிக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. பிறப்பைப் பதியப் போனபோது, தாயின் முகவரி வாரியத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவர்கள் சம்மதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவில்லாத குழந்தைக்குத் தடுப்பூசி போடும் இடத்தில் ஊசி போடவும் மாட்டோம் என்றார்கள். குடைக்காரர் வாரியத்துக்கு ஓடினார்.

செயலாளர் விதியைப் புரட்டவேயில்லை. அது அவருக்கு மனப்பாடம். ஒரே முகவரியில் பெயரில்லாத உயிர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் மூத்ததற்குத்தான் முதலில் பெயர் சூட்ட வேண்டும்.

"அது எலும்புங்க. இது குழந்தை."

"ரெண்டும் முதுகெலும்பு உள்ளதுதானே. விதி அவ்வளவுதான் பாக்குது. அது பதினஞ்சு கோடி வருஷமா காத்துட்டிருக்கு. உங்க பொண்ணு நேத்து வந்தவ. நீங்களே நியாயத்தச் சொல்லுங்க."

குடைக்காரர் அன்று பேருந்தில் ஏறவில்லை. மழையில் நடந்தே வந்தார். குடை ரிப்பேர்காரர் தொப்பலாக நனைந்து போவதைப் பார்த்துத் தெருவில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு உடம்பு கொதித்தது. மச்சான் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார், ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார். குழந்தை தூங்கிய பிறகு மச்சான் தேய்ப்புப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, நான் போகச் சொல்லல. எப்போ முடியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வீட்டுக்காரிகிட்ட சொல்றதுக்கு எனக்கு ஏதாவது வேணும்."

மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்குப் போனபோது குடைக்காரர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தார். எலும்பு நிபுணரும் மொழி நிபுணரும் கத்தும்போதெல்லாம் தலைவர் கூரையைப் பார்த்தபடி லேசாக இருமுவதைக் கவனித்தார். பேச்சுவாக்கில் தலைவர் ஒன்று சொன்னார். சில நாடுகளில் பெரியவர்களின் பெயரையே இப்படிப்பட்ட உயிர்களுக்கு வைக்கிறார்கள், எனக்கு அதிலெல்லாம் துளியும் விருப்பமில்லை, யாராவது ரொம்ப வற்புறுத்தினால் ஒழிய நான் சம்மதிக்க மாட்டேன் என்றார். சொல்லிவிட்டு மேஜையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். யாரும் வற்புறுத்தவில்லை. இருமினார். மறுபடி பார்த்தார். போன கூட்டத்திலும் அதற்கு முந்தைய கூட்டத்திலும்கூட அவர் இதையே சொன்னார் என்று குடைக்காரருக்கு உறைத்தது.

ஸ்டூலிலிருந்து எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் தலைவரின் காலில் விழுந்தார்.

"ஐயா, உங்க பேரத்தான் வைக்கணும். வேற பேர் வச்சா என் மனசு கேக்காதுங்க. நீங்க மாட்டேன்னு சொன்னா நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் குரல் உடைந்திருந்தது. கண்ணீரும் நிஜம்தான். தலைவர் அதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டுமோ அப்படிப் புரிந்துகொண்டார். எளிய மக்கள் இப்படி அன்பு காட்டும்போது மறுக்கும் கல்நெஞ்சம் தனக்கு இல்லை என்று மூக்கைச் சிந்தினார். மற்றவர்கள் முந்திக்கொண்டு வற்புறுத்தத் தொடங்கினார்கள். 'உடைந்த குடை' விவகாரத்தையும் அப்போதே தீர்த்தார்கள். அந்த நேரத்தில் கையில் ஒரு நிஜக் குடை வைத்திருந்தேன், அதைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று குடைக்காரர் ஒரு பொய் சொன்னார். பிளம்பரும் வந்து குடையைப் பார்த்ததாகச் சொன்னார். இந்த முறை அவருக்கு வியர்க்கவில்லை. தலைவரின் பெயரை முன்னால் போட்டு, பின்னால் சிறகுவிரலி என்று சேர்த்தார்கள். மொழி நிபுணர் ராஜினாமா செய்யப் போவதாகச் சொன்னார், செய்யவில்லை.

மகளின் பிறப்பு பதிவானது, ஊசி போட்டார்கள். குடைக்காரரின் மனைவி மூட்டை கட்டினாள். அண்ணி கூடமாட நின்று கட்டினாள். கிளம்பும் நேரத்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். விழா. தலைவர் அரக்கை உடைத்து, ரிப்பன் வெட்டி உள்ளே போனார். கையில் மூட்டையோடு குடைக்காரரும் குழந்தையோடு மனைவியும் கூட்டத்தின் பின்னால் நின்றார்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகு போகலாம் என்று இருந்தார்கள். தலைவர் வெளியே வந்து ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஒரு பேருக்கு உயிர் எது? அது பிறந்த இடம். இது சாதாரண எலும்பா இருந்தா லாரியில ஏத்திக்கிட்டுப் போயிடலாம். இன்னிக்கு இது என் பேர் தாங்கின எலும்பு. இத இங்கிருந்து ஒரு அங்குலம் நகர்த்த நான் உயிரோட இருக்கற வரைக்கும் விடமாட்டேன். இந்த வீடு இனிமே மனித குலத்துக்குச் சொந்தம்."

கை தட்டினார்கள். தாங்கள் மனித குலத்தைச் சேர்ந்தவர்களா இல்லையா என்று தெரியாமல் குடைக்காரரும் மனைவியும் நின்றார்கள். குழந்தை சத்தத்தில் விழித்து அழுதது.

வாரியம் அவர்களைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டில் அமைத்த காட்சியகத்துக்கு ஒரு விளக்கம் சொல்பவர் வேண்டியிருந்தது. காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்து அந்த வேலையைக் குடைக்காரருக்கே போட்டார்கள். மனைவி வேண்டாம் என்றாள். தினமும் வீட்டுக்குள் போகலாமே என்றார் அவர். இரண்டு தெரு தள்ளி ஓர் அறை வாடகைக்குப் பிடித்தார்கள்.

சொல்ல வேண்டிய விளக்கத்தைச் செயலாளர் அவருக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுத்திருந்தார். சிறகு, விரல், கிரேக்கம், தலைவரின் வாழ்க்கை வரலாறு, கடைசியில் இடத்தைப் பற்றி ஒரு வரி. சமையலறையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அடுப்பும் அதற்கு மேலே சுவரில் படிந்த கரியும் கயிற்றுக்கு உள்ளே இருந்தன. உத்தரத்தில் கொக்கிகள் இருந்தன. குடைகளைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. ஒதுங்க இடமில்லாமல் நிறையப் பேர் உள்ளே வந்திருந்தார்கள். குடைக்காரர் விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒதுங்கியவர்களுக்குப் பின்னால் மனைவி குழந்தையோடு வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. வாடகை அறையில் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. குழந்தையை எங்கே கிடத்துவது என்று தெரியாமல் அவள் வந்திருந்தாள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் சுவரில் இருந்த கரியைப் பார்த்துவிட்டு, இங்கே முன்னால் யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டார்.

குடைக்காரர் கடைசி வரியைச் சொன்னார். "இந்த இடத்தில் மனிதர்கள் வாழ்ந்ததற்கான தடயம் எதுவும் கண்டறியப்படவில்லை."

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது மனைவியின் முகம் தெரிந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தாண்டினாள். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

இதுவும் காட்சியில் ஒரு பகுதியோ என்று சிலர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பெரியவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இவங்க யாருங்க?"

செயலாளர் சொல்லிக் கொடுத்ததில் இதற்கு வரி இல்லை. குடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"என் வீட்டுக்காரி" என்றார்.

பெரியவர் அடுப்பைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், தன் காலடியில் இருந்த தரையைப் பார்த்தார். ஈரக் காலோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், ஆள் இருப்பது தெரியாமல் உள்ளே வந்துவிட்டோம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வாசலை நோக்கி நகர்ந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக மழைக்குள் இறங்கிப் போனார்கள்.

குடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கயிற்றைத் தாண்டி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது. மாலையில் வாரியத்தின் ஜீப் வந்து வாசலில் நிற்கும் வரை அது அவர்களுடைய வீடாக இருந்தது.